செஸ்டர் போட்ட தரை

செத்துப்போன மனிதரின் நல்ல பெயருக்கு விலையே கிடையாது என்பார்கள். எமில் ஹ்ராடெக் ஒரு விலை போட்டார்: ஒரு நாற்காலி. புது நாற்காலிகூட அல்ல. பழுப்புத் தோல் போர்த்தியது, முதுகைச் சாய்த்தால் தானே காலைத் தூக்கிக் கொடுப்பது, அவருக்கே சொந்தமானது. கல்யாணம் ஆன வாரமே அடேல் அதை வரவேற்பறையிலிருந்து கேரேஜுக்கு அனுப்பிவிட்டார். அது திரும்பிப் போய் டிவிக்கு எதிரில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பழைய சோபாவும் அலமாரியும் வாங்கி விற்றே காலம் தள்ளியவர் எமில். இது நியாயமான விலை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

செத்துப்போனவர் செஸ்டர் டோம்பெக், அடேலின் முதல் கணவர். எமில் இரண்டாமவர். முதலாமவரைப் புதைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் மனிதர் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. சமையலறைக் குழாய் சொட்டினால், "செஸ்டர்னா காபி ஆறறதுக்குள்ள சரி பண்ணிடுவான்" என்பார் அடேல். கூரையிலிருந்து ஓடு ஒன்று நழுவினால், "செஸ்டர் இருந்திருந்தா இந்நேரம் மேல ஏறியிருப்பான்." எமில் எழுந்து போய்க் குழாயைச் சரிசெய்வார், கூரையில் ஏறுவார். ஆறு வருடமாக இப்படித்தான். இருக்கிறவர் செய்துவைக்கும் வேலைக்கெல்லாம் இல்லாதவர் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்.

கேரேஜில் நின்ற காரும் செஸ்டருடையதுதான். அறுபத்து நான்காம் வருடத்து ஃபால்கன், மடக்குகிற துணிக்கூரை, ஒரு காலத்தில் வெள்ளை. ஓஹையோவின் எங்கள் மூலையில் பனி விழ ஆரம்பித்தால் ரோட்டுக்கு உப்பைக் கொட்டுவார்கள், ஊறுகாய் போடுகிறவர்கள்கூட அவ்வளவு தாராளமாகக் கொட்ட மாட்டார்கள். உப்பு, காரைக் கீழேயிருந்து தின்னும். மேலே கோட்டும் டையும், கீழே கால்சட்டை இல்லை என்ற நிலையில்தான் இங்கே எல்லாப் பழைய கார்களும் நிற்கும். ஃபால்கனும் அப்படித்தான் நின்றது. இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. செஸ்டரின் தம்பி ஸிக்கி அவ்வப்போது வந்து அதைக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிட்டுப் போவார்.

ஜூன் மாதம் அடேல் காபிக் கோப்பையோடு கேரேஜ் வாசலில் வந்து நின்றார்.

"ஹபீபி," என்றார். அடேல் லெபனான்காரக் கம்பளக்கடைக் குடும்பத்துப் பெண். ‘ஹபீபி’ என்றால் அரபியில் ‘அன்பே’; அவர் அப்படி ஆரம்பித்தால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். "இந்த வருஷமும் விடிகாலைல வெளிய நின்னு என் வண்டிக் கண்ணாடில ஐஸைச் சுரண்ட மாட்டேன். அக்டோபர் கடைசில, ஹாலோவீனுக்கு முந்தின சனிக்கிழமை என் வண்டி உள்ள வரணும். அதுக்குள்ள ஃபால்கன் ஒழுங்கா தரையோட முழுக் காரா தன் கால்ல தானே ஓடணும். இல்லைன்னா ஸிக்கி எடுத்துட்டுப் போகட்டும். ரொம்ப நாளா கேக்கறான்."

"தரைதானே, நான் போட்டுடறேன்," என்றார் எமில்.

"செஸ்டர் ஒரே வாரக்கடைசில போட்டான்."

எமில் அதற்குமுன் வெல்டிங் மெஷினைத் தொட்டதில்லை. கார் போனால் அவருக்கு நஷ்டமும் இல்லை, அது அவருடைய கார் அல்ல. ஆனால் ஸிக்கியின் டிரெய்லரில் அது வாசலைத் தாண்டும் நிமிடத்தில், அந்த வீட்டில் தான் உயிர் உள்ளவரை இரண்டாமவராகவே இருந்து இரண்டாமவராகவே சாக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. குழாயைக் கணக்கில் சேர்க்கவில்லை, கூரையையும் சேர்க்கவில்லை. இதையாவது சேர்ப்பார்களா என்று பார்த்துவிட வேண்டும்.

இருக்கைகளைக் கழற்றினார். கம்பளத்தை உரித்தார். நனைந்த நாயும் பழைய சிகரெட்டும் எலிக்குடும்பமும் ஒரே அறையில் குடித்தனம் நடத்திய வாசனை வந்தது. அதற்கடியில், வீட்டுக்கூரைக்குப் பூசுகிற தார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாற்போல் கனமாக. சூடு காட்டிச் சுரண்டினார். ஓட்டுநர் பக்கம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் சுரண்டினார். வெள்ளையில் ஒரு வட்டம் வந்தது. பூஜ்யமோ என்று பார்த்தார். பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்துகள் வந்தன. பிறகு மூலைகள் வந்தன, மொத்தம் எட்டு.

பிரேக்குக்கு நேர் கீழே, கால் வைக்கும் இடத்தில், ரோட்டில் நிற்க வேண்டிய ‘ஸ்டாப்’ பலகை. சுற்றிலும் ரிவெட் ஆணி அடித்திருந்தது. பாதி ரிவெட் பிடித்திருந்தது, பாதி பிடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தது. வெல்டிங் செய்த அடையாளம் எங்கும் இல்லை. பக்கத்து இருக்கைக்குக் கீழே, உருளைக்கிழங்கு சிப்ஸ் வந்த பெரிய டின் ஒன்றை விரித்து அடித்து, அதற்கும் தார் பூசியிருந்தார் செஸ்டர். ஒரே வாரக்கடைசியில் போட்ட தரை. இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எமில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்தார். நாற்காலி காலைத் தூக்கிக் கொடுத்தது. அப்போதுதான் விலை போட்டார்.

ஆனால் எமில், சரக்கு வந்த அன்றைக்கே விற்றவர் அல்ல. நல்ல சாமான் சிக்கினால் பின்னறையில் போட்டு மூடிவைப்பார். கேட்கிறவருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது என்ற கட்டம் வரும்போதுதான் வெளியே எடுப்பார். பலகையை இரண்டு பழைய செய்தித்தாளில் சுற்றி நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

சனிக்கிழமை ஸிக்கி வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். கையில் பீர் கேன்கள் இருக்கும். வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். வேலையில் கை வைக்க மாட்டார், ஆனால் வேலை நடப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஈடு கிடையாது.

"என்ன சோபாக்காரா, காரை ரிப்பேர் பண்றியா, கல்லறை தோண்டறியா?"

"பழைய தரையை எடுத்தேன்."

"எங்கண்ணன் போட்ட தரை," என்றார் ஸிக்கி. தொப்பியைக்கூடக் கொஞ்சம் தூக்கினார். "எண்பத்து மூணுல. வெள்ளிக்கிழமை ஓட்டை, திங்கக்கிழமை தரை. நான் மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துது."

"ஆமா, கெட்டித் தகடு."

"எங்க வாங்கினேன்னு கேட்டா சொல்லவே மாட்டான். அவனுக்குன்னு ஆள் இருந்துது."

"ரோட்டுக்குன்னே செஞ்ச தகடுப்பா அது," என்றார் எமில். "மழை, வெயில் எல்லாம் தாங்கும். பெயின்ட்கூட இன்னும் போகல."

"பாத்தியா! நீயே சொல்றே பாரு!"

"நான் பொய் சொல்வேனா?"

ஸிக்கிக்குத் திருப்தி. இன்னொரு கேனைத் திறந்தார். பலகை அவருக்கு இரண்டடி தள்ளி, செய்தித்தாளுக்குள் இருந்தது. அதன் விலை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறிக்கொண்டே போவதை எமில் காதாலேயே கேட்டார். ஜூலை முடிவில் நாற்காலியோடு கூட, குழாய்க்கும் கூரைக்கும் பழைய தேதியிட்டு அங்கீகாரம் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

புதுத் தரைத்தகடுகள் ஆகஸ்டில் வந்தன. இடது பாதி, வலது பாதி, கறுப்பு ப்ரைமர் பூசி, அட்டைப்பெட்டிக்குள். வெல்டிங் மெஷினைத் தெருக்கோடியிலிருந்த ஒருவர் இரவல் கொடுத்தார். பாடத்தைக் கைபேசி வீடியோக்களில் வருகிற தாடிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். தாடிக்காரர்களுக்குள் எல்லா விஷயத்திலும் சண்டை, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: கூரை இல்லாத காருக்குத் தரைதான் முதுகெலும்பு. அதை வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக்குழாய் வைத்து வெல்டிங் செய்துவிடு. இல்லாவிட்டால் கார் நடுவில் புத்தகம்போல் மடங்கும்.

எமில் சொன்னபடி கேட்டார். கதவுகளைக் கழற்றித் துவைக்கும் மெஷின்மேல் சாய்த்தார். குழாய்களை அளந்து, அறுத்து, குறுக்கே வைத்து, அசிங்கமாக ஆனால் பலமாக வெல்டிங் செய்தார். தாடிக்காரர்கள் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்கள்.

தப்பு அதற்கு முந்தின நாளே நடந்துவிட்டது. காரை ஸ்டாண்டுமேல் ஏற்றிய நாள் அது. எமில் ஆயுளில் தூக்கியதெல்லாம் சோபா. சோபாவை முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும், நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. ஃபால்கனையும் அப்படியே முன்னால் இரண்டு ஸ்டாண்டு, பின்னால் இரண்டு ஸ்டாண்டு வைத்து நிறுத்தினார். துரு தின்ற நடுப்பகுதி, தாங்க ஆளில்லாமல், யாரிடமும் சொல்லாமல், சுண்டுவிரல் அகலத்துக்குத் தொங்கிப்போனது. அந்தத் தொங்கலோடு சேர்த்துத்தான் குழாயை வெல்டிங் செய்தார். நிமிர்ந்த முதுகுக்குப் போட வேண்டிய மாவுக்கட்டைக் கூனிய முதுகுக்குப் போட்டுவிட்டார். கதவுகள் இருந்திருந்தால் இடுக்கைப் பார்த்தாவது தெரிந்திருக்கும். ஸிக்கி வாளிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

பிறகு வெட்டு. பழைய தகட்டை உடலோடு பிடித்திருந்த ஒவ்வொரு புள்ளியையும் தேடித் துளை போட்டு விடுவிக்க வேண்டும். எமில் துருவைத் தின்றார், துருவைத் தும்மினார், துருவோடு தூங்கினார். தலையணை உறை செம்பழுப்பானது. அடேல் துவைத்தார். செஸ்டர் பெயரை இழுக்கவில்லை. எமில் அதைக் கவனித்துவைத்தார்.

செப்டம்பரில் புதுத் தகடு உள்ளே இறங்கியது. வெல்டிங் செய்கிறபோது பக்கத்தில் ஒருவர் தீ பார்க்க வேண்டும் என்பது இங்கே எல்லா கேரேஜிலும் சட்டம். மிச்சம் மீதி தாரில் ஒரு பொறி விழுந்தால் போதும். அந்த வேலையை அடேல் எடுத்துக்கொண்டார். செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலோடு எமிலின் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். பலகைக்கும் அடேலின் முதுகுக்கும் நடுவில் ஒரு தோல் உறைதான்.

"அங்க புகை வருது."

"வெல்டிங்னா புகை வரும்."

"இதுல சட்டை வாசனை வருது, ஹபீபி." பீய்ச்சினார். எமிலின் கை ஓரம் சுஸ் என்றது.

"நீ சரியாப் பாத்துக்கறே."

"செஸ்டர் வேலை பண்ணப்போ நான் இப்படியெல்லாம் உக்காரவே வேண்டியிருக்கல. ஒரு பொறி பறக்காது."

எமில் முகமூடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். நாக்கு நுனிவரை வந்தது. ரிவெட் அடித்தால் பொறி எங்கே பறக்கும்? ஆனால் தரை இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. வேலையை முடித்துவிட்டு, முடித்த தரையின்மேல் நின்றுகொண்டு விற்றால்தான் இந்தச் சரக்குக்கு முழு விலை.

"பறந்திருக்காது," என்றார் மனப்பூர்வமாக, முகமூடியை இறக்கிக்கொண்டார்.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை தரை முடிந்தது. குழாய்களை அறுத்தெடுத்தார். கார், போட்ட தரையோடு அசையாமல் நின்றது. ஸ்டாண்டை எடுத்துச் சக்கரத்தில் இறக்கினார். அப்போதும் நின்றது. மிதித்தார். குதித்தார். இருக்கைகளைத் திரும்பப் பூட்டினார். இனி கதவு மட்டும்தான் மாட்ட வேண்டும். கதவு கனம் என்பதால் ஸிக்கியை வரவழைத்தார். சரித்திரத்தில் முதல் முறையாக அவர் வாளியை விட்டு எழுந்து கை கொடுத்தார்.

இடது கதவு மூட மறுத்தது. கீல்களைத் தளர்த்தி, கடப்பாரையால் கொஞ்சம் சமாதானம் பேசி, மறுபடி இறுக்கினார்கள். முனகிக்கொண்டே மூடியது, முனகிக்கொண்டே திறந்தது. வலது கதவின் மேல்மூலை, உள்ளே போக வேண்டிய இடத்தில் உடலோடு முட்டிக்கொண்டு நின்றது. கீலில் இடம் இல்லை. கடப்பாரை பேச்சு எடுபடவில்லை.

"தள்ளு," என்றார் ஸிக்கி. இடுப்பை வைத்து ஒரு இடி இடித்தார்.

டம். மூடிவிட்டது.

"பாத்தியா சோபாக்காரா? இதுக்கெல்லாம் ஒரு கை வேணும்."

"இது கை இல்ல, இடுப்பு," என்றார் எமில். கைப்பிடியை இழுத்தார். கதவு வரவில்லை. உள்ளே ஏறி உள்கைப்பிடியை இழுத்தார். ஸிக்கி வெளியே இழுத்தார். இருவரும் ஒரே சமயத்தில் இழுத்தார்கள். கைப்பிடிகள் நன்றாக வேலை செய்தன. கதவு மட்டும் உடலின் ஒரு பாகமாகிவிட்டிருந்தது.

ஸிக்கி தூரப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு காரை நீளவாக்கில் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"எமில்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்தே விஷயம் கெட்டது என்று தெரிந்தது.

"நடு தொங்கிடுச்சுப்பா. வாழைப்பழத்துக்குத் தரை போட்டிருக்கே நீ."

எமிலும் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தொங்கியிருந்தது. இவ்வளவு நாள் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்ததுதான் தப்புபோல.

"இதைத் திறக்கணும்னா?"

"தரையை வெட்டணும். நிமித்தணும். மறுபடி போடணும். அடுத்த ஹாலோவீன் ஆகும்." ஸிக்கி கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தார். "நாளன்னிக்குக் காலைல டிரெய்லரோட வரேன். தப்பா எடுத்துக்காதே. அடேல் சொன்ன பேச்சு அது."

எமில் நாற்காலிப் பக்கம் நடந்தார். அதன் பின்னால் கையை விட்டார். செய்தித்தாள் சரசரத்தது. இதைவிட நல்ல வேளை வராது. உன் அண்ணன் எனக்கு மேலேயா, இந்தா, உன் அண்ணன்.

"ஒண்ணு தெரியுமா," என்றார் ஸிக்கி. அவர் காரைப் பார்த்தபடி பேசினார். "அவன் போனதுலேருந்து நான் இதைக் கிளப்ப வருவேன் இல்ல, இன்ஜினுக்காக இல்ல. உள்ள உக்காந்து காலைக் கீழ ஊனி வெச்சுப்பேன். அவன் கையால போட்டதுன்னு அதுதான் மிச்சம் இருந்துது. நீ வெட்டி எடுத்தப்போ எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துது. சொல்லல."

எமிலின் கை நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் இருந்தது. கடையில் இப்படி ஒரு கட்டம் வருவதுண்டு. சாமானும் அசல்தான், விலையும் சரிதான். ஆனால் எதிரில் நிற்கிற மனிதரின் வீட்டுக்குள் அது நுழையாது, வாசற்படியிலேயே உடையும். அப்படிப்பட்டவருக்கு எமில் விற்றதில்லை.

"என்ன தேடறே?"

"சுத்தியல்," என்றார் எமில்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையென்றால் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் செய்து விற்கும் பியரோகி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்த போலந்துக் கொழுக்கட்டை. வெண்ணெயும் வெங்காயமும் மணக்க இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எமில் செய்தித்தாள் பொதியை மேசைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"தரை."

அடேல் முட்கரண்டியைக் கீழே வைத்தார். காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட. இது இன்னும் இருக்கா?" என்றார், ஊரைவிட்டுப் போன பழைய பக்கத்து வீட்டுக்காரியைக் கடைவீதியில் பார்த்ததுபோல.

எமில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு முழுக்க வேறு ஒரு முகத்துக்காகச் செய்தது. அந்த முகம் வரவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஸ்க்ரூவைக் கழட்டினதே நான்தான், ஹபீபி. செஸ்டரோட தோள்மேல ஏறி நின்னு. அவனுக்கு உசரம்னா ஆகாது."

"கூரைமேல ஏறுவான்னியே!"

"நான் ஏறினா ஏணியைப் பிடிச்சுக்குவான்."

"யாராவது அந்த மூலைல வண்டியோட முட்டிக்கிட்டிருந்தா?"

"முட்டறதுக்கு யார் இருந்தா? மூடின மில்லோட கேட்டுக்குப் போற ரோடு. நிக்கறதுக்கு ஒரு வண்டி வந்தாத்தானே. செஸ்டருக்கும் அப்போ வேலை போயிருந்துது. தகடு வாங்கற நிலைமையா? நான்தான் யோசனை சொன்னேன்." அடேல் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டோம்னு நெனச்சோம். ஆனா மழைல போயிட்டு வந்தா என் காலுறையைப் பிழிஞ்சு காயப்போடணும். அவன்கிட்டச் சொன்னதில்ல."

"அப்ப இந்த ஆறு வருஷமா செஸ்டர்னா அப்படி, செஸ்டர்னா இப்படின்னு?"

அடேல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீயும் கடை வெச்சவன்தானே. எங்கப்பா கம்பளம் விக்கறப்போ, வந்தவங்க இழுத்தாங்கன்னா, ‘நேத்து சாயங்காலம் ஒரு டாக்டர் பாத்துட்டுப் போனார், காலைல வரேன்னிருக்கார்’ம்பார். உடனே கையை நீட்டிடுவாங்க. முப்பது வருஷத்துல அந்த டாக்டர் ஒரு நாள்கூட வந்ததில்ல."

"உங்க கடைல டாக்டரா? எங்க கடைல வக்கீல்," என்றார் எமில், தன்னை அறியாமல்.

"பின்ன என்ன? குழாய் சொட்டுது, நீ நாற்காலில காலை நீட்டிட்டிருக்கே. டாக்டரைக் கூப்பிட்டேன். குழாய் நின்னுடுச்சு."

எமில் வெங்காயத்தை வெகுநேரம் மென்றார். எத்தனை பேரிடம் எத்தனை அலமாரியை அந்த வக்கீலை வைத்து விற்றிருப்பார். வாங்குகிற பக்கம் நின்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"அப்ப செஸ்டர்னு ஒருத்தர்..."

"செஸ்டர் இருந்தான்," என்றார் அடேல். "டாக்டர்தான் இல்ல."

அடேல் பலகை ஓரத்துத் தாரை நகத்தால் சுரண்டினார்.

"தங்கமான மனுஷன்," என்றார் பிறகு. "ஒரு ஆணி நேரா அடிச்சதில்ல."

எமில் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். "இதுக்கு விலையா நான் ஒண்ணு நெனச்சு வெச்சிருந்தேன். அந்த நாற்காலி..."

"என் திருட்டுச் சரக்கை எனக்கே விக்க வந்திருக்கே. கமிஷன் நான்தான் கேக்கணும்." பலகையை மறுபடி காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்தினார். "ஸிக்கிகிட்டக் காட்டினியா?"

"இல்ல."

"ஏன்?"

"சுத்தியல் தேடினேன்."

அடேல் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தன் தட்டிலிருந்து இரண்டு பியரோகியை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"அவனுக்கு அந்த டாக்டர் வேணும்," என்றார். "இருந்துட்டுப் போகட்டும்." பிறகு, அதே மூச்சில், "வலது கதவு திறக்கலையாமே?"

"திறக்கல."

"நாளைக்குப் பாப்போம். பேசினது பேசினதுதான்."

சனிக்கிழமை காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. உதிர்ந்த மேப்பிள் இலைகள் சாக்கடையை அடைத்து, வாசல் பாதையின் கடைசியில் ரோட்டோரம் குளம் கட்டியிருந்தது. ஸிக்கி டிரெய்லரோடு வந்து நின்றார். கோட்டு போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகும் காலணியும் வெளிர்நிறக் காலுறையும் மாட்டிக்கொண்டு அடேல் வெளியே வந்தார்.

எமில் ஃபால்கனைக் கிளப்பினார். கூரையை மடக்கியிருந்தார். கார் தன் சொந்த மூச்சில் பின்னோக்கி ஊர்ந்து கேரேஜை விட்டு வெளியே வந்தது. அடேல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கத் தாராளமாக இடம் இருந்தது. திரும்பி வந்து, ஃபால்கனின் வலது கைப்பிடியை இழுத்தார். கதவு மரியாதைக்காகக்கூட அசையவில்லை.

ஸிக்கி கையைக் கட்டிக்கொண்டார். "அடேல், முழுக் கார்னு சொன்னே. ஒரு கதவு திறக்காத காரை முழுக் கார்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?"

"பேசாம இரு. எமில், இறங்கு."

எமில் இறங்கினார். அறுபத்தாறு வயது அடேல், இடது பக்கம் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலை மடக்கி, நீள இருக்கையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வலது பக்கம் போய்ச் சேர்ந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். இரண்டு காலையும் தரையில் பதித்து, நன்றாக ஒரு மிதி மிதித்தார்.

"ஓட்டு. அந்தத் தண்ணில விடு."

எமில் விட்டார். அரைச் சக்கரம் மூழ்குகிற தண்ணீர். இரண்டு பக்கமும் இலையோடு வாரி அடித்தது. டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்ற ஸிக்கி முழங்கால்வரை நனைந்தார்.

"திருப்பு. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை விட்டார். இந்த முறை ஸிக்கி இடுப்புவரை நனைந்தார். கார் வாசலில் வந்து நின்றது. அடேல் ஒரு காலணியைக் கழற்றினார். காலுறைப் பாதத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அடுத்த காலையும் பார்த்தார். குனிந்து தரையைத் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எமிலைப் பார்த்தார். அந்த வீட்டில் எமிலை அப்படி யாரும் இதுவரை பார்த்ததில்லை.

"நனையல," என்றார்.

"எங்கண்ணன் தரைலகூட நனையாது," என்றார் ஸிக்கி, கால்சட்டையைப் பிழிந்துகொண்டே.

"நனையாது," என்றார் அடேல், கண் இமைக்காமல். "சரி, கணக்கைச் சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. தானா ஓடணும்னு பேச்சு, ஓடுது. என் வண்டிக்கு இடம், வந்துடுச்சு. தரை, இடது பாதியும் வலது பாதியும், சொட்டுத் தண்ணி இல்லாம வந்துடுச்சு. கதவு ரெண்டு வரணும். இடது வந்துடுச்சு."

அவர் எட்டி, வலது கைப்பிடியை இன்னொரு தடவை, நியாயத்துக்காக, இழுத்துப் பார்த்தார்.

"ஸிக்கி, டிரெய்லர் காலியாப் போகட்டும். எமில் பேர்ல பாக்கி, கதவு ஒண்ணு."